கிளிஞ்சல்கள் எழுதிய பதிவேடு

பழவேற்காட்டுக்குச் செல்வோர் பெரும்பாலும் கல்லைக் காணவே செல்கின்றனர். 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்கள், எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட தூண்களோடு நிற்கும் அவர்களது கல்லறைத் தோட்டம், 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மகிமை மாதா ஆலயம் ஆகியவற்றைக் கண்டு, சிறிது வியந்து, மாலைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றனர். வரலாறு என்றால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள். அதற்குச் சான்று என்றால் கல்லும் கல்வெட்டும். இவ்வாறு எண்ணியே நாம் பழகிவிட்டோம்.

ஆயினும் அப்பகுதியின் மிகப் பழைய ஆவணம் சேற்றுக்குள் கிடக்கிறது. ஏரியின் நடுவே, நெடுங்காலம் படகு ஒன்றே வழியாக இருந்த பசியாவரம் போன்ற ஊர்களின் கரையில் நடப்போர் அதனை மிதித்துக்கொண்டே செல்கின்றனர். காலடியில் நொறுங்கும் கிளிஞ்சல்களே அந்த ஆவணம். அவற்றுள் சில சென்ற பருவத்தில் இறந்த மட்டிகளின் ஓடுகள். சில நம் பாட்டனார் காலத்தவை. இன்னும் ஆழத்தில், சேற்றின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருப்பவை, கோட்டைக்கும் கல்லறைக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முற்பட்ட கடலுக்குச் சாட்சி கூறுபவை. அச்சாட்சியம் எத்தகையது, அதனை எவ்வாறு படிப்பது, அது அழிந்தால் யாருக்கு இழப்பு என்பவற்றை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஏரியும் அதன் மக்களும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டே ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில், ஆழம் குறைந்த வடபகுதிகளில் உப்பு கடல்நீரையும் விஞ்சிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கி வாழக்கூடிய உயிர்களே இங்கு நிலைக்கின்றன. அவற்றை நம்பியே மனிதரும் இங்கு நிலைத்திருக்கின்றனர்.

எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை வைப்பது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஊர்க்கட்டுப்பாடு இம்மீனவர்களிடையே தலைமுறைகளாக வழங்கிவருகிறது. வலையும் படகும் இன்றி, இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் இவ்வேரியை நம்பியவர்களே. இவர்களுள் எவருக்கும் கோட்டை இல்லை. செதுக்கிய கல்லறையும் இல்லை.

டச்சு வணிகக் குழுமம் 1690 வரை பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் கணக்கேடுகளில் துணிக்கட்டுகள் எண்ணப்பட்டன. பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அடிமைகளும் சரக்காகவே எண்ணப்பட்டனர். ஏரியில் மட்டிகள் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன, சிப்பித் திட்டுகள் எதுவரை நீண்டிருந்தன என்று எழுதிவைக்கும் தேவை அவ்வணிகர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே, இந்த ஏரி ஒரு காலத்தில் எப்படி வாழ்ந்தது என்னும் கேள்விக்கு மனிதர் எழுதிய ஏடுகளில் முழுவிடை கிடைப்பதில்லை. அவ்விடையைத் தேடுவோர் கிளிஞ்சலிடம்தான் செல்ல வேண்டும்.

ஓர் ஆயரும் ஒரு சுறாவின் தலையும்

மண்ணுக்குள் கிடக்கும் ஓடு பழைய கடலின் சான்று என்பது இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஐரோப்பியக் கற்றோரிடையே அது எளிதில் ஏற்கப்பட்ட உண்மை அன்று. மலைகளில் காணப்பட்ட சிப்பி வடிவக் கற்கள், பாறைக்குள் தாமாகவே விளைந்தவை என்று பலர் கருதினர். இயற்கையின் விளையாட்டு என்றனர் வேறு சிலர். அக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் நம் திருச்சபையில் ஆயராகப் பணியாற்றியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1638இல் கோபன்ஹேகனில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ, உடற்கூற்றியலில் பெயர் பெற்ற மருத்துவர். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை, ஆய்வுக்காகப் பிளாரன்ஸில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பற்களைக் கண்ட ஸ்டெனோ, பாறைகளில் கிடைத்துவந்த 'நாக்குக் கற்கள்' எனப்பட்டவையும் அவையும் ஒன்றே என்று உணர்ந்தார். அங்கிருந்து அவருடைய சிந்தனை கிளிஞ்சல்களுக்குச் சென்றது. பாறைக்குள் இருக்கும் ஓடு, உயிருள்ள மட்டியின் ஓட்டினை வரிக்கு வரி ஒத்திருக்குமானால், அதுவும் ஒரு காலத்தில் உயிருள்ள மட்டியின் ஓடாகவே இருந்திருக்க வேண்டும். அதனைச் சூழ்ந்த பாறை, ஓடு வந்து படிந்த நாளில் மென்சேறாக இருந்திருக்க வேண்டும். அடுக்குகளில் கீழ் அடுக்கு முந்தியது. மேல் அடுக்கு பிந்தியது. 1669இல் வெளிவந்த அவருடைய சிறு நூல் இவ்விதிகளை வகுத்துத் தந்தது. நிலத்தின் வரலாற்றைப் படிப்போர் அனைவருக்கும் அது இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

லூத்தரன் சபையில் பிறந்த ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். வறியோருக்கு உதவத் தம் ஆயர் மோதிரத்தையும் சிலுவையையும் விற்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறும். 1686இல் இறந்த அவரை, 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஏழையின் பசியையும் கிளிஞ்சலின் வரியையும் ஒரே கவனத்தோடு நோக்கிய கண்கள் அவருடையவை.

ஸ்டெனோ வகுத்த முறை தமிழகத்திலும் பயன்பட்டது. அரியலூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் ஓடைகளிலும் கிடைத்த கல்லாகிய ஓடுகளை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் வகைப்படுத்திப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இன்று கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் அவ்வூர்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்தமை அதனால் விளங்கிற்று. அரியலூரின் ஓடுகள் கல்லாகிவிட்டவை. பழவேற்காட்டின் ஓடுகளோ இன்னும் ஓடாகவே இருப்பவை. அவற்றோடு ஒப்பிடத்தக்க உயிர்களும் அதே ஏரியில் இன்றும் வாழ்கின்றன. இறந்தவரையும் இருப்பவரையும் அருகருகே நிறுத்தி விசாரிக்கும் வாய்ப்பு இங்கு உண்டு.

ஏரி பிறந்த கதை

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் நீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்நாளில் இன்றைய பழவேற்காடு கடற்கரையே அன்று. கடல் கிழக்கே வெகு தொலைவில் இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. சுமார் 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு அவ்வேற்றம் தணிந்து, கடல் ஏறக்குறைய இன்றைய நிலையை எட்டியது. அதன்பின் அலைகள் மணலைக் கரையோரமாகத் தள்ளித் தள்ளி நீண்ட திட்டுகளை அமைத்தன. திட்டுக்குப் பின்னே அகப்பட்ட நீர் உப்பங்கழியாயிற்று. ஆறுகள் சேறு கொண்டுவந்து கொட்ட, அது மெல்ல ஆழம் குறைந்தது. இந்த உப்பங்கழியின் படிவுகளைக் கொண்டு பழைய கடல்மட்டத்தை ஆராய்ந்த வாஸ், பானர்ஜி ஆகிய இருவரின் கட்டுரை 1997இல் வெளிவந்தது. ஏரியின் அடியில் உள்ள சேறு, அறிஞர் உலகில் மதிக்கப்படும் ஓர் ஏடாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

பதிவேட்டைப் படிக்கும் முறை

நம் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் உண்டு. பழைய ஏட்டைப் புரட்டுவோர், ஊரில் எந்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது, எந்தக் குடும்பம் எப்போது குடியேறியது என்பதையெல்லாம் அதிலிருந்து அறிந்துவிடுவர். ஏரியின் அடிச்சேறும் ஓர் அடக்கப் பதிவேடே. அதனைப் படிக்கச் சில எழுத்துகளைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாவது எழுத்து, எந்த உயிர் என்பது. ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய இடம் உண்டு. 'மெரெட்ரிக்ஸ்' எனப்படும் வழவழப்பான மட்டி, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் மணற்சேற்றில் புதைந்து வாழ்வது. நெடுங்காலம் அறிவியலார் நம் சென்னையின் பெயரையே சேர்த்து 'மட்ராசென்சிஸ்' என்று அழைத்துவந்த உண்சிப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் திட்டுகளாக வளர்வது. கடலேற்றம் வந்துபோகும் கழிமுகங்களை நாடுவது. தடித்த விலாவரிகளும் செந்நிறக் குருதியும் உடைய 'அனடாரா' மென்சேற்றுக்குரியது. சிறு கோபுரம் போன்ற சேற்று நத்தைகள், நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுப் பரப்பில் கூட்டம் கூட்டமாக ஊர்வன. ஆப்பு வடிவ 'டோனாக்ஸ்' மட்டியும் பொத்தான் போன்ற 'அம்போனியம்' நத்தையும் அலை மோதும் திறந்த கடற்கரை மணலைவிட்டு உள்ளே வருவதில்லை.

ஒரு குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே நிறைந்த மண்தூணை அப்படியே வெளியே எடுத்துக் காண்பதாகக் கொள்வோம். அடியில் டோனாக்ஸ், அதற்கு மேல் உண்சிப்பி, அதற்கும் மேல் சேற்று நத்தை என்று அடுக்கு அமைந்திருந்தால், அவ்விடத்தின் வாழ்க்கை வரலாறு நம் கண்முன் விரிகிறது. அது முதலில் திறந்த கடற்கரையாக இருந்தது. பின்னர் மணல்திட்டு மறைத்த கழிமுகமாயிற்று. இறுதியில் தூர்ந்து, வெயிலில் வெடிக்கும் சேற்றுப் பரப்பாயிற்று. மென்சேற்று அடுக்கின் நடுவே திடீரென ஆழ்கடல்புற ஓடுகள் மணலோடு கலந்து ஒரு படலமாகக் கிடந்தால், பெரும்புயலோ ஆழிப்பேரலையோ அங்கு வந்து சென்றது என்று ஐயுறலாம். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய அலை எத்தகையது என்பதை அறிந்த நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எழுத்து, அவ்வுயிர் எவ்வாறு மாண்டது என்பது. மட்டியின் இரு ஓடுகளும் மூடியவாறே, புதைந்த நிலையிலேயே கிடந்தால், அது வாழ்ந்த இடத்திலேயே இறந்தது. ஓடுகள் பிரிந்து, விளிம்பு தேய்ந்து கிடந்தால், நீர் அவற்றை எங்கிருந்தோ உருட்டி வந்தது. ஓட்டில் ஊசியால் துளைத்தாற்போல் வட்டத்துளை ஒன்று இருந்தால், ஊனுண்ணும் நத்தையொன்று துளையிட்டு உள்ளிருந்த தசையை உண்டது. ஓட்டின் உட்புறத்தில் புழுக்களின் சுண்ணக் குழல்கள் ஒட்டியிருந்தால், உயிர் போன பிறகு அது நெடுநாள் வெற்றோடாகக் கிடந்தது. ஒரே வகை, ஒரே பருமன், தீயில் கருகிய அடையாளம் ஆகியவற்றோடு ஓடுகள் குவிந்திருந்தால், அது மனிதர் உண்டு எறிந்த குவியலாக இருக்கக்கூடும்; அப்போது நாம் காண்பது யாரோ ஒரு தாயின் அடுப்படி.

மூன்றாவது எழுத்து காலம். வில்லார்ட் லிபி 1949இல் வெளியிட்டு, 1960இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கதிரியக்கக் கார்பன் முறை இங்கு உதவுகிறது. உயிர் வாழும்போது உடலிலும் ஓட்டிலும் சேரும் கார்பன்-14, இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்து வயதைக் கணிக்கலாம். கடல்நீரில் பழைய கார்பனும் கலந்திருப்பதால் கடல் ஓடுகள் உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் முதியவையாகத் தோன்றும். அதனைக் கழித்தே கணக்கிட வேண்டும். இனி, ஓட்டின் வளர்ச்சிக் கோடுகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்றவை. அக்கோடுகளில் உள்ள உயிர்வளியின் இருவகை அணுக்களின் விகிதம், அது வாழ்ந்த நீரின் வெப்பத்தையும் நன்னீர்க் கலப்பையும் காட்டும். ஒரு மட்டியின் ஓட்டிலேயே மழைக்காலமும் கோடையும் மாறி மாறி எழுதப்பட்டிருக்கின்றன.

ஏட்டில் இடம்பெறாதவை

எந்தப் பதிவேடும் முழுமையானது அன்று. தடித்த ஓடு தங்குகிறது. மெல்லிய ஓடு நொறுங்கிக் கரைகிறது. அமிலம் மிகுந்த சேற்றில் பல மட்டிகளின் ஓடு அரிக்கப்பட, உண்சிப்பியின் ஓடு எஞ்சுகிறது. நண்டுகள் வளை தோண்டும்போது கீழுள்ளது மேலாகவும் மேலுள்ளது கீழாகவும் புரள்கிறது. அதனால் ஒரே கைப்பிடிச் சேற்றில் பல நூற்றாண்டுகளின் ஓடுகள் கலந்து கிடக்கக்கூடும். ஒருவரையொருவர் காணாத தலைமுறைகள் அங்கே ஒரே குழியில் துயில்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு என்ற நுணுக்கத்தை அந்த ஏட்டிடம் எதிர்பார்த்தல் தவறு. நூற்றாண்டுகளின் சராசரி வாழ்வையே அது சொல்லும்.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வேரியின் பெருஞ்செல்வமாகிய இறால் அச்சேற்றில் ஏறக்குறைய ஒரு சுவடும் விட்டுச்செல்வதில்லை. நண்டின் தோடு உடைந்து மறைகிறது. மீன்களோ தம் செவிக்குள் இருந்த சிறு கல்லை மட்டும் சில இடங்களில் விட்டுச்செல்கின்றன. உறுதியான ஓடு இல்லாதவர் ஏட்டில் இல்லை. ஆனால் அவர்கள் வாழவே இல்லை என்று கூறலாகுமா? கோட்டைக்கு எதிரே உள்ள கல்லறைத் தோட்டத்தில் வணிகரின் பெயரும் குடும்பச் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குச் சுமை தூக்கியவர்களின் பெயர் அங்கில்லை. சான்று இன்மையை வாழ்வு இன்மையாகக் கொள்ளாதிருக்கும் நிதானத்தைக் கிளிஞ்சலைப் படிப்போரும் மனித வரலாற்றைப் படிப்போரும் ஒருங்கே கற்க வேண்டியிருக்கிறது.

இறந்தவை இருப்பவற்றுக்காகப் பேசுதல்

இத்தனைக் குறைகளுக்குப் பின்னும் அந்த ஏட்டினால் பயன் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் கொலராடோ ஆறு மெக்சிகோவின் கடலைச் சேருமிடத்தில் கிளிஞ்சல் மேடுகள் உள்ளன. அவ்வாற்றின் நீரை 1930களிலிருந்து பேரணைகள் தடுத்துவிட்டன. கழிமுகம் வறண்டது. அணைகளுக்கு முன்பு அங்கு எவ்வளவு உயிர்வளம் இருந்தது என்று எழுதிவைத்தவர் இல்லை. ஆய்வாளர்கள் மேடுகளை அளந்து, அங்கு குறைந்தது 2 இலட்சம் கோடி ஓடுகள் உள்ளன என்று கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அணைகளுக்கு முந்திய நாள்களில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 மட்டிகள் வாழ்ந்திருக்க வேண்டும். ஆய்வு நடந்த காலத்திலோ 3 மட்டுமே இருந்தன. ஆற்றின் நன்னீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று சொல்வோருக்கு அந்த ஓடுகள் விடை கூறிவிட்டன.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கிட்வெல் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் பொதுமையாக்கியது. உலகின் பல கரைகளில், சேற்றில் கிடக்கும் ஓடுகளையும் அவ்விடத்திலேயே உயிரோடு இருக்கும் மட்டி நத்தைகளையும் அவர் ஒப்பிட்டார். மனிதர் அதிகம் கெடுக்காத இடங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. கழிவுநீரோ இழுவலையோ வலுவாகத் தாக்கிய இடங்களில் இரண்டும் வேறுபட்டன. இறந்தோர் பட்டியலில் மிகுதியாக இருப்பவர் இருப்போர் பட்டியலில் இல்லை என்றால், அண்மையில் அங்கு ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது என்பது பொருள்.

ஏரி மெலிந்துவிட்டது என்று மீனவர் கூறும்போது, அதற்குப் புள்ளிவிவரம் உண்டா என்று கேட்பது நம் நாட்டில் வழக்கம். அவரிடம் புள்ளிவிவரம் இல்லை. நினைவு மட்டுமே உண்டு. நினைவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தந்தை தம் இளமையில் கண்ட ஏரியை இயல்பு என்று கொள்கிறார். மகனோ அதிலும் குறைந்துபோன ஏரியை இயல்பு என்று கொள்கிறான். டேனியல் பாலி என்னும் கடலியல் அறிஞர் 1995இல், மீன்வளத்தை ஆராயும் அறிஞர்களே இவ்வாறு தலைமுறைதோறும் அளவுகோலைத் தாழ்த்திக்கொண்டு வருவதைச் சுட்டிக்காட்டினார். மெல்ல மெல்ல இழப்பது இழப்பாகவே தெரியாமற் போகிறது. அந்த மறதியைத் திருத்தவல்ல சாட்சிகளுள் ஒன்று சேற்றில் கிடக்கிறது. ஆரணியாற்றின் குறுக்கே பிச்சாட்டூரில் அணை எழும் முன்பு ஏரிக்கு எவ்வளவு நன்னீர் வந்தது, முகத்துவாரம் எத்தனைக் காலம் திறந்திருந்தது, சிப்பித் திட்டுகள் எங்கெங்கு இருந்தன என்பன போன்ற வினாக்களை ஓட்டின் வரிகளிடம் கேட்க இடமுண்டு.

எரிந்துபோகும் ஏடு

ஆனால் அந்த ஏடே அழிந்துவருகிறது. சுண்ணாம்புக்கல் அருகில் கிடைக்காத நம் கரையில், கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது பழைய தொழில். பளிங்குபோல் மின்னிய பழைய சென்னை மாளிகைச் சுவர்களின் பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பினால் ஆனது. 1806இல் தொடங்கி வடக்கே நீண்டு, 1878இல் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாய், இப்பகுதியின் விறகையும் உப்பையும் கிளிஞ்சலையும் நகருக்குக் கொண்டுசென்றது. பின்னாளில் கோழித்தீவனத்துக்கும் ஆலைகளுக்கும் ஓடு தேவைப்பட்டது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் புதையுண்ட வெண்கக்கையை வாரியெடுத்துச் சிமெண்டு செய்த வரலாறும் இதற்கு உறவுடையதே.

ஓட்டைப் பொறுக்கி விற்று அன்றாடம் உலையேற்றியவர்களை நாம் குறை கூறவில்லை; அவர்களுக்கு அது அரிசி. ஆயினும், சூளையில் ஓர் ஓடு வெந்து நீறாகும்போது, அதன் வளர்ச்சிக் கோடுகளும் அதில் பதிந்திருந்த மழையும் கோடையும் ஒருசேர மறைகின்றன. தோண்டிய குழியில் அடுக்குகள் கலைந்துவிட்டால், எது முந்தியது எது பிந்தியது என்று ஸ்டெனோவாலும் சொல்ல இயலாது.

பொறுக்குவோரைவிடப் பெரிய கைகளும் உண்டு. கரையோர நிலத்தை வெட்டிக் குளமாக்கும் இறால் பண்ணைகள் 1990களில் பெருகின. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளின் பெயரையும் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. ஏரிக்கு அதுவே ஒரு பெருமை. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காட்டுப்பள்ளித் துறைமுகமும் ஏரிக்குத் தெற்கே இயங்கத் தொடங்கின. அலை மணலை வடக்கு நோக்கி நகர்த்தும் கரை இது. தெற்கே ஒரு தடுப்பு எழுந்தால் வடக்கே கரை அரிக்கப்படும் என்பதைச் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட நாள்முதல் இராயபுரத்து மக்கள் அறிவர்.

நாம் செய்யத்தக்கது

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் இவ்வேரியின் உயிர்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, 2006இல் அவற்றின் தொகுப்பை வெளியிட்டார். அது இருப்போரின் பட்டியல். இறந்தோரின் பட்டியலும் அதே பொறுமையோடு எழுதப்பட வேண்டும். கால்வாய்க்கோ பாலத்துக்கோ ஏரியைத் தோண்டும்போது, ஒரு மண்தூணையேனும் கலையாமல் எடுத்து வைக்கலாம். நம் கல்லூரிகள் தம் மாணவரை அங்கு அனுப்பலாம். கரையோரப் பள்ளிகளில், ஊர்ப்பிள்ளைகளே பொறுக்கிய ஓடுகளை, எந்த இடத்தில் எந்த நாளில் எடுத்தவை என்ற குறிப்போடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். எந்த மட்டி எந்தச் சேற்றில் கிடைக்கும் என்பதை அப்பிள்ளைகளின் பாட்டிமார் நம்மைவிட நன்கு அறிவர். அவர்களிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

முன்னோரின் கல்லறையை நாம் ஆண்டுதோறும் நவம்பரில் தூய்மை செய்து, விளக்கேற்றி, பெயர் சொல்லி நினைக்கிறோம். பெயரற்ற உயிர்கள் கோடிக்கணக்கில் இறந்து படிந்த மேட்டின்மேல்தான் பசியாவரத்து மக்கள் குடிசை கட்டி, வலை உலர்த்தி, பிள்ளைகளை வளர்த்து வந்திருக்கின்றனர். பழவேற்காட்டின் கோட்டையையும் ஆலயத்தையும் காணச் செல்வோர், இனி ஏரிக்கரையிலும் சற்று நேரம் குனிந்து பார்ப்பார்களாக. கையில் எடுத்த ஓட்டைப் பார்த்த பின்பு, அது கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்களாக.